எரிந்தால்தான் சுத்தமா?

சரும நலம்: வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவரின் பதில்கள்

சென்ற மாதம் முகப்பரு பற்றிய ஒரு பதிலில், ‘ஆஃப்டர் ஷேவ் லோஷனைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் இத்தனை கடிதங்கள் வந்திருக்கின்றன. எனக்கு மகிழ்ச்சிதான். மயிலாடுதுறையில் என் அப்பா நாற்பது வருடம் சலூன் நடத்தினார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய இடம் அது. கத்தியின் கீழ் ஒரு கன்னம் என்ன பாடுபடும் என்பதை மருத்துவக் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே அங்கே பார்த்துவிட்டேன். இந்த மாதப் பக்கம் முழுவதும் ஷேவிங்குக்கே.

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன், வயது 34. தினமும் ஷேவ் செய்கிறேன். சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் ஒரு ஆஃப்டர் ஷேவ் பாட்டில் கொடுத்தார். தடவினால் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு எரிகிறது. ‘எரிந்தால்தான் கிருமி சாகும்’ என்கிறார் அப்பா. மனைவிக்கு அந்த வாசனை பிடித்திருக்கிறது. தொடரலாமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: உங்கள் அப்பா சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். ஷேவிங் கீறல் ஒரு காலத்தில் உயிர் போகிற விஷயமாக இருந்தது. எகிப்தில் துட்டன்காமன் என்ற பழங்கால அரசனின் கல்லறையைத் தேடிக் கண்டுபிடிக்கப் பணம் கொடுத்தவர் இங்கிலாந்தின் கார்னார்வன் பிரபு. 1922 நவம்பரில் கல்லறை கிடைத்தது. அடுத்த சில மாதங்களில் அவர் கன்னத்தில் ஒரு கொசு கடித்தது. ஷேவ் செய்யும்போது அந்தத் தடிப்பின் மேல் கத்தி பட்டுவிட்டது. புண்ணில் கிருமி ஏறி, ரத்தத்தில் பரவி, கடைசியில் நிமோனியாவும் சேர்ந்து 1923 ஏப்ரல் 5-ஆம் தேதி கெய்ரோவில் இறந்துபோனார். கல்லறையின் சாபம் என்று ஊரெல்லாம் பேசினார்கள். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-இல்தான். மருந்தே இல்லாத அந்த நாளில், கத்தி பட்ட முகத்தில் சாராயம் கலந்த ஏதாவது ஒன்றைத் தடவியதில் நியாயம் இருந்தது. அந்தப் பழக்கம்தான் வாசனை சேர்ந்து, பாட்டிலில் அடைபட்டு உங்கள் மைத்துனர் கைவழியாக வந்திருக்கிறது.

ஆனால் எரிச்சல் என்பது கிருமி சாவதன் அறிகுறி கிடையாது. நம் தோலின் நரம்பு நுனிகளில் சூட்டை உணர்வதற்கென்று ஒரு நுண்ணிய கதவு இருக்கிறது. ஏறக்குறைய 42 டிகிரி சூடு பட்டால்தான் அது திறக்கும். மிளகாயின் காரத்துக்குத் திறப்பதும் இதே கதவுதான். இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆல்கஹால் பட்டால் இந்தக் கதவு 34 டிகிரியிலேயே திறந்துவிடும். அதாவது உங்கள் கன்னத்தின் சாதாரணச் சூட்டையே மூளை நெருப்பு என்று படித்துக்கொள்கிறது. கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே எரிச்சல்தான். மென்தால் கலந்த லோஷனில் குளிர்ச்சி தெரியுமே, அதுவும் இப்படித்தான். தோல் குளிர்வதில்லை, குளிருக்கான கதவு மட்டும் திறக்கிறது. இது ஒரு விதத்தில் கூடுதல் தொந்தரவு. தோல் புண்பட்டிருப்பதை அந்தக் குளிர்ச்சி மறைத்துவிடும்.

உங்களுக்குக் கண்ணீர் வரும் அளவுக்கு எரிகிறது என்றால் நான் முதலில் ஷேவிங்கைத்தான் சந்தேகிப்பேன். தோலின் உச்சிப் பரப்பில் இறந்த செல்கள் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருக்கும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே கொழுப்புப் பூச்சு. அந்தக் கூரையின் மொத்தத் தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். பிளேடு முடியை மட்டும் எடுப்பதில்லை, ஓடுகளையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு போகிறது. சோப்பு நுரை கொழுப்புப் பூச்சைக் கரைக்கிறது. அதன்மேல் ஆல்கஹால் ஊற்றினால் மிச்சமிருக்கும் பூச்சும் போய், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிவிடும். மழித்த தோலுக்கு அந்த நிமிடம் தேவைப்படுவது ஈரமும் அதை உள்ளே நிறுத்த ஒரு மெல்லிய எண்ணெய்ப்பசையும். உங்கள் பாட்டில் அதற்கு நேர்மாறானதைச் செய்கிறது.

சரி, என்ன செய்வது? குளித்து முடித்த கையோடு ஷேவ் செய்யுங்கள். அல்லது வெந்நீரில் நனைத்த துண்டை மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள். தண்ணீர் குடித்த முடி மிருதுவாகிவிடும், பிளேடை அழுத்த வேண்டியதில்லை. அப்பா நுரை போட்டுவிட்டு, உடனே கத்தியை எடுக்கவே மாட்டார். வாடிக்கையாளரிடம் ஊர் நிலவரம் விசாரிப்பார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா, நாற்று விட்டாயிற்றா என்று கேட்டு முடிப்பதற்குள் முடி ஊறியிருக்கும். அதை நான் வெறும் பேச்சு என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பிளேடை ஐந்து, ஆறு ஷேவுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். முடித்ததும் பச்சைத் தண்ணீரில் நுரை போக அலம்புங்கள். துண்டால் தேய்க்க வேண்டாம், ஒற்றி எடுங்கள். முகத்தில் ஈரம் இருக்கும்போதே வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் ஒரு பட்டாணி அளவு எடுத்துத் தடவுங்கள். கிளிசரின் கலந்த சாதாரண லோஷன் போதும். ஆஃப்டர் ஷேவ் என்று பெயர் போட்டதுதான் வேண்டும் என்றால் ‘பாம்’ (balm) என்று கிரீம் மாதிரி வருவதில் ஆல்கஹால் இல்லாததைப் பார்த்து வாங்குங்கள். புதிதாக எதை வாங்கினாலும் முழங்கை மடிப்பில் காலை, மாலை ஏழு நாள் தடவிப் பாருங்கள். சிவக்காமல் அரிக்காமல் இருந்தால் அப்புறம் முகத்துக்குக் கொண்டுபோகலாம்.

மைத்துனர் கொடுத்த பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம். சட்டையில் தெளித்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவிக்கு அந்த வாசனை அங்கிருந்தும் வரும்.

கேள்வி: ஆயுதப்படையில் காவலராக இருக்கிறேன், வயது 26. தினமும் மழமழவென்று ஷேவ் செய்துதான் பரேடுக்குப் போக வேண்டும். கழுத்திலும் தாடைக்குக் கீழும் குரு குருவாக வருகிறது. சிலது சீழ் பிடிக்கிறது. அடங்கட்டும் என்று ஆஃப்டர் ஷேவ் போட்டால் இன்னும் கூடுகிறது. இரண்டு இடத்தில் கட்டியாகத் தடித்துவிட்டது.
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தம்பி, இது பருவும் இல்லை, சூட்டுக் கொப்புளமும் இல்லை. உங்கள் தாடி முடி சுருட்டையாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒட்ட மழித்த சுருள் முடி வெளியே வரும்போது வளைந்து, பக்கத்துத் தோலையே குத்திக்கொண்டு மறுபடி உள்ளே போகிறது. உடம்பு அதை முள் தைத்த மாதிரி எடுத்துக்கொண்டு வீங்குகிறது. மூன்று, நான்கு பிளேடு வைத்த ரேசர் இதை மோசமாக்கும். முதல் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்க, அடுத்தது வெட்ட, வெட்டுப்பட்ட நுனி தோலுக்குக் கீழே போய்விடும். அங்கிருந்து அது வளரும் வழி உள்ளேயேதான்.

உங்களுக்கு மழமழப்புதான் எதிரி. முடிந்தால் நான்கு வாரம் பிளேடே படாமல் விடுங்கள். சிக்கிய முடி தானாக வெளியே வர அவ்வளவு நாள் ஆகும். சீருடைப் பணியில் அது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். தோல் மருத்துவரைப் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுதி வாங்கி மேலதிகாரியிடம் கொடுங்கள். பயந்துகொண்டு மறைக்க வேண்டாம், இது ஒழுங்கீனம் இல்லை. அதன்பிறகும் டிரிம்மரில் அரை மில்லிமீட்டர் முடி நிற்கிற மாதிரி எடுங்கள், தூரத்திலிருந்து பார்த்தால் ஷேவ் செய்த முகமாகவே தெரியும். ரேசர்தான் என்றால் ஒற்றை பிளேடு. தோலை இழுத்துப் பிடிக்கக் கூடாது, முடி வளரும் திசையிலேயே எடுங்கள். கழுத்தில் அந்தத் திசை இடத்துக்கு இடம் மாறும். இரண்டு நாள் முடி வளர்ந்ததும் விரலால் தடவிப் பாருங்கள், எந்தப் பக்கம் தடவினால் சொரசொரக்கவில்லையோ அதுதான் வழி.

ஊசியாலோ இடுக்கியாலோ தோண்டாதீர்கள். கட்டியாகத் தடித்த இரண்டு இடங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அது கீலாய்டு என்ற தடித்த தழும்பாக வளரக்கூடும். தாமதிக்காமல் காட்டினால் ஊசி மருந்து போட்டுச் சுருக்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் லேசர் ஒரு வழி. நம் மாதிரி மாநிறத் தோலுக்கு என்.டி. யாக் என்ற லேசர்தான் பாதுகாப்பானது. எந்த லேசர் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கேள்வி: எங்கள் தெரு சலூனில் ஷேவ் செய்ததும் படிகாரக் கல்லைத் தேய்க்கிறார். எல்லோருக்கும் அதே கல்தான். அப்புறம் டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் பஞ்சில் நனைத்துத் துடைக்கிறார். சரியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: படிகாரம் நல்ல பொருள். சிலர் சீனாக்காரம் என்பார்கள். தோலைச் சுருக்கி, சின்னக் கீறலில் கசியும் ரத்தத்தை நிறுத்தும். ஆனால் ஒருவர் ரத்தம் பட்ட கல் இன்னொருவர் கீறலில் படக் கூடாது. கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். படிகாரம் அதைக் கொல்லும் என்று நம்பி உட்கார முடியாது.

1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் கண்டறிந்தார்கள். அந்தச் செய்தி பரவப் பரவ, சலூனுக்கு வருகிறவர்கள் அப்பாவின் கத்தியை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். தோல்வாரில் தீட்டும் கத்தியை அவர் எடுத்து வைத்துவிட்டார். பிளேடை இரண்டாக உடைத்துப் பாதியைச் செருகும் கத்திக்கு மாறினார். “வந்தவர் கண் முன்னாடிதான் உறையைப் பிரிக்கணும்” என்று கடைப் பையன்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். கல்லை மட்டும் அவரும் மாற்றவில்லை. நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது விடுமுறையில் வந்து சொன்னேன். அன்றைக்கே கல்லை உடைத்து, ஆளுக்கு ஒரு சில்லு என்று வைத்துவிட்டார்.

நீங்களும் பத்து, இருபது ரூபாய்க்கு ஒரு துண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். டெட்டாலை நீர்க்காமல் முகத்தில் வைக்கச் சொல்லாதீர்கள். அது தோலை வெந்துபோக வைக்கும். பச்சைத் தண்ணீர் போதும். துண்டும் வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் படர்தாமரை ஒட்டாது. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவராக இருந்தால் மூன்று தவணையையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. ஷேவ் செய்ய ஆரம்பித்ததும் கன்னம் சிவந்து அரித்தது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் பளிச்சென்று ஆகிவிட்டது. நான்கு மாதமாகத் தினமும் ஷேவ் செய்தபின் அதையே தடவுகிறான். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரிகிறது என்கிறான். ட்யூபின் மேலட்டையை அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: அட்டையைப் பார்த்தேன் அம்மா. பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. அதில் குளோபெட்டசால் இருக்கிறது. மிகவும் வீரியமான ஸ்டீராய்டு. அதோடு ஒரு ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சைக்கொல்லி எல்லாம் ஒரே ட்யூபில். முகத்தில் இதைத் தினமும் போட்டால் முதலில் பளிச்சென்று ஆகும். அப்புறம் தோல் மெலியும், சிவப்பாக ரத்தக் குழாய்கள் தெரியும், பரு கொட்டும், சில பிள்ளைகளுக்குக் கன்னத்தில் முடிகூட அதிகமாக வளரும். நிறுத்தினால் எரியும். எரிகிறதே என்று மறுபடி தடவுவார்கள். இந்தச் சுழலில் மாட்டிய பிள்ளைகளை வாரம் தவறாமல் பார்க்கிறேன். 2018-இல் மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. இருந்தும் கடையில் கிடைக்கிறது. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

இன்றே நேரில் காட்டுங்கள். திடீரென்று விட்டால் எரிச்சல் அதிகமாகும் என்பதால் மருத்துவர் படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார். சரியாக மாதக்கணக்கு ஆகலாம், ஆனால் இந்த வயதில் தோல் தேறிவிடும். அதுவரை பிளேடு வேண்டாம், கத்தரியோ டிரிம்மரோ போதும். அடிக்கடி மழித்தால் தாடி அடர்த்தியாகும் என்று அவன் தினமும் ஷேவ் செய்கிறானோ என்னவோ. அப்படி ஆகாது என்று 1928-லேயே அமெரிக்காவில் மில்ட்ரெட் டிராட்டர் என்ற விஞ்ஞானி அளந்து காட்டிவிட்டார். அவனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: விற்பனைப் பிரதிநிதி வேலை, நாள் முழுக்க பைக்கில் சுற்றுகிறேன். தாடி எடுத்த இடம் மட்டும் கறுத்துக்கொண்டே வருகிறது. கறுப்பு போக ஷேவ் செய்ததும் எலுமிச்சம்பழத் தோலைத் தேய்க்கிறேன்.
– வாசகர், சேலம்

பதில்: எலுமிச்சையை இன்றோடு நிறுத்துங்கள். அதன் சாறும் பழத்தோலில் இருக்கும் எண்ணெயும் வெயிலோடு சேர்ந்தால் நம் தோலைச் சுட்டு, இன்னும் கறுக்க வைக்கும். பெர்கமாட் என்ற எலுமிச்சை வகை எண்ணெய் கலந்த வாசனைத் திரவியங்களும் இதையே செய்யும். கழுத்தில் வழிந்த கோடாகவே கறுப்பு விழுவதை நான் பார்த்திருக்கிறேன். நம் தோலுக்கு ஒரு குணம், எங்கே புண்பட்டாலும் ஆறும்போது அங்கே கறுப்பு நிறமியைக் கொட்டும். தினமும் மழித்துத் தேய்த்து வெயிலில் போனால் தினமும் கொஞ்சம் கொட்டும். மாய்ஸ்சரைசர் காய்ந்ததும் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுங்கள். மதியம் சாப்பிட்ட பிறகு இன்னொரு முறை. ஷேவிங்கை இரவுக்கு மாற்றிப் பாருங்கள். வெயில் படுவதற்கு முன் தோலுக்கு ஏழு, எட்டு மணி நேரம் கிடைக்கும்.

கேள்வி: ஆஃப்டர் ஷேவுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தடவலாமா? கற்றாழை?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு நல்லது. பரு வருகிறவர்களுக்கு வேண்டாம். கற்றாழை என்றால் மடலை வெட்டி நிறுத்தி, மஞ்சளாக வடியும் பாலை முழுக்கக் கழுவிவிட்டு உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள். அந்தப் பால் அரிக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கை, வலது பக்கம் வராது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். நான்தான் ஷேவ் செய்துவிடுகிறேன், கை நடுங்குகிறது. போன வாரம் சின்னக் கீறலுக்கே ரொம்ப நேரம் ரத்தம் நிற்கவில்லை. வேலைக்குப் போன நாளெல்லாம் ஆஃப்டர் ஷேவ் போட்டவர். இப்போதும் அலமாரியில் இருக்கும் பாட்டிலை இடது கையால் காட்டுகிறார். போடலாமா?
– ஒரு மகள், சிதம்பரம்

பதில்: சகோதரி, ரேசரை எடுத்து வைத்துவிடுங்கள். மின்சார ஷேவரோ டிரிம்மரோ வாங்குங்கள், அதில் வெட்டுப்படுவது அபூர்வம். கீறலுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எப்போதாவது ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்து, கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது.

தலையணை வைத்துப் பாதி உட்கார்ந்த வாக்கில் சாய்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வாய்க்குள் ஓடினால் புரையேறும். டிரிம்மருக்கு முகம் உலர்ந்திருந்தால் போதும். வலது கன்னம் தொய்ந்திருக்கும், உங்கள் இன்னொரு கையால் காதுப் பக்கமாக மெதுவாக ஏந்திக்கொண்டு எடுங்கள். அந்தப் பக்கம் வலியும் சரியாகத் தெரியாது என்பதால் கண்ணால் பார்த்துத்தான் செய்ய வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை போதும். பிறகு ஈரத்துணியால் ஒற்றி, வாசனை இல்லாத லோஷன்.

பாட்டிலில் இருப்பதை முகத்தில் போடாதீர்கள். வயதான தோல் காகிதம் போல ஆகியிருக்கும், உணர்ச்சி குறைந்த பக்கம் எரிவதைச் சொல்லவும் சொல்லாது. ஆனால் பாட்டிலை அவர் கையில் கொடுங்கள். மூடியை நீங்கள் திறந்து, அவர் இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுங்கள். அதை அவரே சட்டைக் காலரிலோ, மார்பில் போட்டிருக்கும் துண்டிலோ தடவிக்கொள்ளட்டும்.

என் அப்பாவுக்குக் கடைசி ஆறு மாதம் நான்தான் ஷேவ் செய்தேன். முடித்ததும் ஒன்றும் சொல்ல மாட்டார். கையைத் தூக்கி, புறங்கையால் கன்னத்தைக் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்ப்பார். “தாடைக்கு அடியில இன்னும் இருக்கு தம்பி” என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும். உங்கள் அப்பாவின் இடது கையையும் கன்னத்துக்குக் கொண்டுபோய் வையுங்கள். எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று அவர் காட்டுவார்.